கோஹர்தாஜ் வாசலில் ஹெஜ்லே

வாடகைச் சாமான் கடை ஹபீபுல்லாவின் நீல நிறப் பிக்கப் வண்டி தெருவுக்குள் திரும்பும்போது முதலில் கேட்பது என்ஜின் சத்தம் அல்ல, கண்ணாடிச் சத்தம். ஹெஜ்லேயில் தொங்கும் கண்ணாடித் துண்டுகள் கல் பாவிய தெருவின் மேடு பள்ளத்தில் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். கேட்டால் கல்யாண வீட்டுச் சத்தம் போலத்தான் இருக்கும். ஆனால் அது கேட்டதும் பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தோடு நின்றுவிடுவாள், ரொட்டி வாங்கி வந்தவள் சுவரோரமாக ஒதுங்குவாள். வண்டி தன் வாசலைத் தாண்டும்வரை எவளும் மூச்சு விடமாட்டாள்.

கல்யாணம் ஆகாமல் செத்த பையனின் வீட்டு வாசலில் நிறுத்தும் அலங்காரக் கூண்டுதான் ஹெஜ்லே. ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். சுற்றிலும் கண்ணாடி, வண்ண பல்புகள், உச்சியில் இறகுக் குஞ்சம், நடுவில் பையனின் புகைப்படம். மாப்பிள்ளையாகாமல் போனவனுக்கு ஊர் கட்டித் தரும் மணவறை. போருக்கு முன்னால் ஹபீபுல்லாவிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் கடை மூலையில் தூசி படிந்து கிடந்தது. போரின் மூன்றாவது குளிர்காலத்தில் ஏழெட்டு வைத்திருந்தான். அதுவும் போதவில்லை.

மலாயர் நகரத்தின் அந்தத் தெருவில் கண்ணாடிச் சத்தம் முதலில் எட்டுவது கோஹர்தாஜின் காதுக்குத்தான். அக்ரூட் பருப்பை ஊசியில் கோத்து, திராட்சைப் பாகில் தோய்த்து இனிப்புச் சரம் செய்து விற்பவள். கை ஊசியில் இருக்கும், காது தெருவில் இருக்கும். அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். எந்த வீட்டில் என்ன சமையல், எவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் கணவன் யதுல்லா ஹமதான் பாதையில் பேருந்து ஓட்டுகிறவன். "இவ தூங்கினாத்தான் தெருவே தூங்கும்" என்று பயணிகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

பதினான்கு வயதில் கல்யாணமாகி வந்தவள். நிக்காஹ் விரிப்பில் வைத்த கண்ணாடியில்தான் மாப்பிள்ளை முகத்தை முதன்முதலில் பார்த்தாள். "கண்ணாடி முழுக்க மீசைதான் தெரிஞ்சுது. மீசைக்கு உள்ள மனுஷன் இருக்கான்னு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும்" என்பாள். அந்த மீசைக்காரனுக்கு இரண்டு மகன்களைப் பெற்றாள். மூத்தவன் சியாமக், சின்னவன் குத்ரத்.

சின்னவன் அவளைப் போல, வாய் ஓயாதவன். மூத்தவன் யாரைப் போல என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மூன்று வயதுவரை பேசவே இல்லை. பேச ஆரம்பித்த பிறகும் பாதிக் கேள்விகளுக்குத் தலையைத்தான் ஆட்டினான். இடது கைக்காரன். தேநீர் குடித்து முடித்த பிறகும் சர்க்கரைக் கட்டி கன்னத்துக்குள் கரையாமல் இருக்கும். வீட்டுக்குள் நுழையும்போது காலணிகளைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பான். "வரும்போதே கிளம்பத் தயாரா வர்றியாடா?" என்று அவள் ஒவ்வொரு தடவையும் திட்டுவாள். அவன் சிரித்துக்கொண்டே போவான், காலணியைத் திருப்பமாட்டான். அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்ததைப் பொருட்படுத்தாமல் தெஹ்ரானுக்குப் போய் அதிகாரிகள் பயிற்சியில் சேர்ந்தான். தோளில் நட்சத்திரத்தோடு அவன் வந்த அன்றைக்கு, அதே அம்மா அவனைக் கடைத்தெரு முழுக்க ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். அடுத்த வருஷமே போர் வந்தது.

அந்தத் தெருவுக்கு அதுவரை நான்கு ஹெஜ்லேக்கள் வந்திருந்தன. நாலும் கல்யாணம் ஆகாத பையன்கள். ரொட்டிக்கடை மொஹர்ரம் மட்டும் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒரு காலை எல்லையில் விட்டுவிட்டு வந்தான், ஆனால் வந்தான். கோஹர்தாஜ் இதைக் கோத்துப் பார்த்தாள். கல்யாணம் ஆனவன் வாசலுக்கு ஹெஜ்லே வராது, அது ஊர் வழக்கம். ஹெஜ்லே வர முடியாத வாசலுக்குச் சாவும் வராது என்று அவள் தானாகவே ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டாள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த மூன்று வருஷங்களில் எந்தத் தாய்க்குப் புத்தி நிதானத்தில் இருந்தது? ஒருத்தி மகனின் அழுக்குச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருந்தாள். இன்னொருத்தி வாசல் கதவைத் தாழிடவே மறுத்தாள். கோஹர்தாஜ் பெண் தேடினாள்.

பனி கொட்டிய ஒரு வாரத்தில் சியாமக் விடுப்பில் வந்தான். அடியில் கணப்பு வைத்த மேசை மேல் விரித்த கனத்த போர்வைக்குள் காலை நீட்டி அவன் உட்கார்ந்ததும் அவள் தொடங்கினாள்.

"உலர்திராட்சை வியாபாரி ஹாஜி நிஃமத்துல்லா பொண்ணு மஹ்லகாவைப் பேசிட்டேன். நாளன்னைக்கு நிக்காஹ்."

"யாருக்கும்மா?"

"எனக்கு! கேக்குறான் பாரு கேள்வி. உனக்குத்தான்டா."

"ஏம்மா, அந்தப் பொண்ணுகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். தாயில்லாத பொண்ணு. டீச்சர் படிப்பு படிக்குது. உன்னை மூணு தடவை தெருவுல பார்த்திருக்காம். மூணாவது தடவை கொஞ்சம் மெதுவா நடந்தாளாம். இதுக்கு மேல ஒரு பொண்ணு என்னடா சொல்லணும்?"

யதுல்லா மீசைக்குள் சிரித்தான். "ஒத்துக்கடா. உங்கம்மா பஸ்ல ஏறிட்டா நடுவழியில இறங்கமாட்டா."

சியாமக் சர்க்கரைக் கட்டியை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். அவனும் அந்தப் பெண்ணை மூன்று தடவை பார்த்திருந்தான் என்பது அவன் காது சிவந்ததிலேயே தெரிந்தது. "நிக்காஹ் மட்டும். கூட்டிட்டு வர்ற கல்யாணம் போர் முடிஞ்சப்புறம்" என்றான்.

அந்த ஊரில் நிக்காஹ் பாதிக் கல்யாணம்தான்; முதலிரவு ஆனால்தான் ஊர் கணக்கில் முழு மாப்பிள்ளை. கோஹர்தாஜ் அப்போதைக்கு அதற்கே ஒத்துக்கொண்டு, விளக்குகள் வாடகைக்கு எடுக்க ஹபீபுல்லா கடைக்குப் போனாள். தட்டு, நாற்காலி, பல்புச் சரம், ஹெஜ்லே, எல்லாம் அவனிடமேதான் எடுக்க வேண்டும். அவன் தலையைச் சொறிந்தான். பெண்களைக் 'கானும்' என்றுதான் மரியாதையாக அழைப்பான்.

"ரெண்டு சரம்தான் இருக்குங்க கானும். போன வாரம் ஹெஜ்லேல மாட்டியிருந்தது. பரவாயில்லையா?"

அவள் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்தாள். ஆனால் வேறு சரம் இல்லை. "துடைச்சுக் கொடு" என்றாள்.

பக்கத்துத் தெருவில் துக்கம் என்பதால் நிக்காஹில் குலவை இல்லை, பாட்டு இல்லை. மணமக்கள் தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, அதன் மேல் இரண்டு சர்க்கரைக் கூம்புகளைப் பெண்கள் உரசினார்கள். அந்த உரசல் மட்டும்தான் அறையில் கேட்டது. மணமகளிடம் சம்மதம் மூன்று முறை கேட்பார்கள். முதல் முறை பெண்கள் "பூப்பறிக்கப் போயிருக்கா" என்றார்கள். இரண்டாம் முறை "பன்னீர் எடுக்கப் போயிருக்கா" என்றார்கள். மூன்றாம் முறை கேட்குமுன்பே மஹ்லகா "சம்மதம்" என்றுவிட்டாள். எல்லாரும் வாய்க்குள் சிரித்தார்கள். அவள் முன்னாலிருந்த கண்ணாடியில் பார்த்தாள். கண்ணாடியிலிருந்து சியாமக்கும் பார்த்தான். மூன்று வயதுவரை பேசாத பயல் அன்றைக்கு மலர்ந்து சிரித்ததைக் கோஹர்தாஜ் சாகும்வரை மறக்கவில்லை.

நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை மாமனார் வீட்டில் தங்கலாம், தடையில்லை. தங்குவான், மற்றதை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பது கோஹர்தாஜின் ஏற்பாடு. ஆனால் அந்தி மயங்கும்போதே பின்வாசல் வழியாக அவன் வந்து நின்றான், தோளெல்லாம் பனி. தந்தையும் தம்பியும் இன்னும் ஹாஜி வீட்டு விருந்தில் இருந்தார்கள்.

"என்னடா வந்துட்ட? துரத்தி விட்டாளா?"

"இல்லம்மா. ரொம்ப நேரம் பேசினோம். நான்தான் வந்துட்டேன்." அவன் காலணியைக் கழற்றி, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தான். "அம்மா, நான் அவளைத் தொடலை. திரும்பி வந்தா மேளதாளத்தோட கூட்டிட்டு வருவேன். வரலைன்னா அவ வாழ்க்கை அவளோடது. இது உனக்கு மட்டும்தான் தெரியும். ஞாபகம் வெச்சுக்க."

அவள் பாய்ந்து உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தினாள். "வரலைன்னா ஆமே! நாக்கை இழுத்து வெச்சு அறுத்துடுவேன்." அவன் அந்தக் கைக்குள்ளேயே சிரித்தான். அவன் மூச்சுப் பட்டு அவள் கை சூடானது.

மறுநாள் விடிந்ததும் குர்ஆனை உயர்த்திப் பிடித்து, அதன் அடியில் மூன்று முறை நுழைந்து போக வைத்தாள். திரும்பி வரவேண்டும் என்று அவன் போன வழியில் ஒரு கிண்ணம் தண்ணீரைக் கொட்டினாள். கொட்டிய தண்ணீர் கல்லில் ஓடவில்லை. பனிக்குளிரில் அப்படியே உறைந்து நின்றது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நிக்காஹ் பாதிக் கல்யாணம்தானே? பாதிக் கதவைச் சாத்தி என்ன பயன்?

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவன் பின்வாசலால் வந்ததை யாரும் பார்க்கவில்லை. இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பிய தந்தையும் தம்பியும் அவன் விடியலில்தான் மாமனார் வீட்டிலிருந்து வந்தான் என்று நினைத்தார்கள்; ஹாஜி வீட்டிலோ அவன் இரவெல்லாம் மஹ்லகாவின் அறையில் இருந்ததாக நினைத்தார்கள். அடுப்பைப் பற்றவைத்து, மாவை வெண்ணெயில் வறுத்து, சர்க்கரையும் குங்குமப்பூவும் பன்னீரும் ஊற்றிப் பெரிய பாத்திரம் நிறையக் 'காச்சி' கிண்டினாள். முதலிரவுக்கு மறுநாள் காலையில் மணப்பெண்ணுக்குக் கொடுக்கும் இனிப்புக் கஞ்சி அது. பெண்ணைப் பெற்றவள் செய்து அனுப்புவாள். மஹ்லகாவுக்குத்தான் தாய் இல்லையே. கிண்ணம் கிண்ணமாக எடுத்துக்கொண்டு கோஹர்தாஜ் தெரு முழுக்க நடந்தாள். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காச்சியே எல்லாம் சொல்லிவிட்டது.

பக்கத்து வீட்டு ஸகீனா கிண்ணத்தை வாங்கி மோந்து பார்த்தாள். "அடியாத்தி! ஒரே ராத்திரியிலயா? வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேனே உன் மகனை!"

"பேசாதவன்தான் காரியக்காரன். தின்னுட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கொடு."

கடைசிக் கிண்ணத்தை ஹபீபுல்லா கடைக்கே கொண்டு போனாள். "சாப்பிடு அண்ணே. இனிமே எங்க வாசல் வழியை நீ மறந்துடலாம்."

அவனுக்குப் புரிந்தது. "மறந்துட்டேங்க" என்று சொல்லி வழித்துச் சாப்பிட்டான்.

மதியத்துக்குள் மஹ்லகா ஓடி வந்தாள், தலைத்துணி நழுவ, முகம் ரத்தமாய்ச் சிவக்க.

"என்ன அத்தை பண்ணி வெச்சிருக்கீங்க? ரொட்டிக்கடையில எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. ஒண்ணுமே நடக்கலை அத்தை. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். மெதுவா பேசு."

"அப்புறம் ஏன்?"

"காவலுக்குடி. முழுசா மாப்பிள்ளை ஆனவனை அந்த வண்டி தேடி வராது. நாலு மாசம் போனா அவனே வந்துடுவான், பொய்யும் நிஜமாயிடும். நீ வாயைத் தெறந்தேன்னா காவல் போயிடும்."

மஹ்லகா படித்த பெண். இது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறக்காமல் போனாள். அவளுக்கும் அவன் திரும்பி வரவேண்டியிருந்தது.

வசந்தத்தில் ஒரு நாள் காலை கண்ணாடிச் சத்தம் தெருவுக்குள் நுழைந்தது. கோஹர்தாஜின் ஊசி நின்றது. வண்டி மெதுவாக வந்தது. மொஹர்ரம் வீட்டைத் தாண்டியது, குளியல் கூடத்தைத் தாண்டியது, அவள் வாசலுக்கு நேரே ஒரு கணம் தயங்கியது போல் இருந்தது. பிறகு பத்தடி தள்ளி ஸகீனா வீட்டு முன் நின்றது. ஸகீனாவின் ஒற்றை மகன், பத்தொன்பது வயது. அந்தக் கூக்குரல் கேட்டபோது கோஹர்தாஜின் நெஞ்சுக்குள் முதலில் எழுந்தது நிம்மதி. பிறகுதான் அழுகை வந்தது. அந்த நிம்மதிக்காக அவள் தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டாள். காவல் வேலை செய்கிறது என்று நம்பினாள்.

ஸகீனா மட்டும் அழுகைக்கு நடுவில் ஒரு தரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ கெட்டிக்காரி அக்கா. எனக்குத்தான் அந்தப் புத்தி இல்லாம போச்சு." கோஹர்தாஜ் கையை விடுவித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

கோடை தொடங்கி, திராட்சைக்கொடி இளம் இலை விட்டிருந்த ஒரு பகல். அவள் முற்றத்தில் உட்கார்ந்து இலைகளைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அன்று எந்தக் கண்ணாடியும் கிணுகிணுக்கவில்லை. பேருந்து என்ஜின் சத்தம்தான் கேட்டது. தெருமுனையை அடைத்துக்கொண்டு யதுல்லாவின் பேருந்து நின்றது. இருபத்தைந்து வருஷத்தில் அவன் பேருந்தை வீட்டுக்கு ஓட்டி வந்ததே இல்லை. உள்ளே ஒரு பயணியும் இல்லை. தொப்பியைக் கையில் பிடித்த இரண்டு ராணுவக்காரர்கள் மட்டும் பின் இருக்கையில் தலையைக் குனிந்தபடி இருந்தார்கள். யதுல்லா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். என்ஜினை அணைக்கவில்லை.

இலைகள் ஒட்டிய கையோடு அவள் போய் நின்றாள். தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"ஏங்க, இறங்குங்க."

அவன் அவளைப் பார்க்கவில்லை. "இறங்கமாட்டேன் கோஹர்."

"ஏன்?"

"இறங்கினா சொல்லணும்."

அவள் படியில் ஏறி, அவன் காலடியில் உட்கார்ந்து, அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். அவன் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. மேற்கு எல்லையில், ஒரு மலைப் பாதையில், காயம்பட்ட தன் ஆட்களை இறக்கிக் கொண்டுவரும்போது குண்டு விழுந்தது என்று அந்த இரண்டு பேர் பிற்பாடு சொன்னார்கள். அவனுடைய பொருள்களை ஒரு துணிப்பையில் தந்தார்கள். பையைத் திறந்து காலணிகளை எடுத்த கோஹர்தாஜ், அவற்றை முதன்முதலாக வீட்டுக்குள் பார்த்தவாறு திருப்பி வைத்தாள்.

அடக்கம் நடந்தது. ஊரே வந்தது. ஆனால் வாசலில் ஹெஜ்லே நிற்கவில்லை. ஹபீபுல்லா கறுப்புத் துணியும் நாற்காலிகளும் கொண்டு வந்து போட்டதோடு சரி. காச்சி சாப்பிட்டவன் அல்லவா? தெருவுக்கு அது கல்யாணமானவனின் சாவு. மஹ்லகா கறுப்புடையில் வந்து கோஹர்தாஜ் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண்கள் அவளை "பாவம், விதவை" என்று காதுபடவே சொன்னார்கள்.

ஏழாம் நாள் துக்கத்துக்கு வீடு நிறைந்திருந்தது. ஆண்கள் முன்னறையில், பெண்கள் உள்ளறையில், நடுவில் ஒரு திரை. யதுல்லாவின் அண்ணன் ஹஷ்மத் தொண்டையைச் செருமுவது இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. குடும்பத்தில் பெரிய தலைக்கட்டு அவர்; அவர் தொண்டையைச் செருமினால் யாருடைய தலையிலாவது ஏதாவது விழப்போகிறது என்று பொருள்.

"ஹாஜி, நடந்தது நடந்துபோச்சு. பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணாயிட்டா. அவளை வெளியில விட்டா எங்க மானம் என்னாவது? இத்தாத் துக்க மாசங்கள் முடியட்டும். குத்ரத் இருக்கான். அவனுக்கே முடிச்சுடலாம். மருமக வீட்டை விட்டுப் போக வேண்டாம்."

ஹாஜி நிஃமத்துல்லாவின் குரல் தளர்ந்திருந்தது. "என்ன சொல்றதுக்கு இருக்கு? ஊரே காச்சி சாப்பிட்டுருக்கு. இனி வேற யார் கேட்டு வருவாங்க? உங்க இஷ்டம்."

"நான் மாட்டேன் பெரியப்பா" என்று குத்ரத் கத்துவது கேட்டது. "அவங்க என் அண்ணி. அக்கா மாதிரி." யாரோ அவனை அதட்டி உட்கார வைத்தார்கள்.  பேருந்தைத் தெருமுனைக்கு ஓட்டி வந்த நாளிலிருந்தே யதுல்லா எதற்கும் வாய் திறப்பதில்லை.

கோஹர்தாஜ் மஹ்லகாவைத் தேடினாள். அவள் சமையலறையில் துக்க ஹல்வாவைக் கிண்டிக்கொண்டிருந்தாள். வெண்ணெயும் மாவும் வறுபடும் வாசனை, அதே வாசனை. கரண்டி நிற்கவில்லை.

"கேட்டியா?" என்றாள் கோஹர்தாஜ்.

"கேட்டேன்."

"நீ ஏன் வாயைத் தெறக்கலை? உங்கப்பாகிட்டவாவது சொல்லியிருக்கலாமே."

மஹ்லகா அப்போதுதான் திரும்பினாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "நான் சொன்னா யாரு நம்புவாங்க அத்தை? தப்பிக்கப் பொய் சொல்றான்னுதான் சொல்வாங்க. காவல்னு சொன்னீங்களே, யாருக்குக் காவல்? அவரும் வரலை. நானும் போக முடியாது."

 மகனின் வாயைத் தான் பொத்தியது கோஹர்தாஜுக்கு நினைவுக்கு வந்தது. வரலைன்னா அவ வாழ்க்கை அவளோடது, உனக்கு மட்டும்தான் தெரியும். அவன் ஒப்படைத்துவிட்டுப் போனது ஒன்றே ஒன்று. அதை விடிந்ததும் அடுப்பில் ஏற்றித் தெருவெல்லாம் பங்கு வைத்தவள் அவள்தான். அடுக்களையின் பின்கதவைத் திறந்து, மேலாடையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஹபீபுல்லா எழுந்து நின்றான். "நாற்காலி பத்தலீங்களா கானும்?"

"ஹெஜ்லே வேணும்."

"யாருக்குங்க?"

"என் மகனுக்கு."

அவன் பார்வையைத் தாழ்த்தினான். துக்கத்தில் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான். "கானும், சியாமக் தம்பி கல்யாணமானவர். வழக்கம் இல்லீங்களே. நானே காச்சி சாப்பிட்டேன்."

"நீ சாப்பிட்டது காச்சி இல்ல அண்ணே. என் பொய்."

அவன் திகைத்துப் பார்த்தான். அவள் தலையைக் குனியவில்லை. "அவன் அந்தப் பொண்ணோட விரல் நுனியைக் கூடத் தொடலை. அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டான். நான்தான் பயத்துல கிண்டி ஊருக்கு ஊட்டினேன். அதைத் தூக்கி வண்டியில வை. நானும் கூட வர்றேன்."

மூலையில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. ஒரு பக்கம் இரண்டு கண்ணாடிகள் உடைந்த பழையது. அதை ஏற்றினார்கள். கோஹர்தாஜ் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று வருஷமாக வாசலில் உட்கார்ந்து கேட்ட சத்தத்தை இப்போது முதுகுக்குப் பின்னால் கேட்டாள். தெருவுக்குள் திரும்பியதும் துடைப்பங்கள் நின்றன, பெண்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். மகன்கள் எல்லையில் இருந்தவர்களின் முகங்களில் ரத்தமில்லை. தான் இத்தனை நாள் எப்படி இருந்தாள் என்பதை அவள் அந்த முகங்களில் பார்த்தாள். "உங்களுக்கு இல்ல, உங்களுக்கு இல்ல" என்று ஜன்னல் வழியாக ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள். ஸகீனா வாசலில் நின்றவள் வாயில் துணியை அடைத்துக்கொண்டாள்.

வண்டி நின்றது. சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்த ஆண்கள் வாசலுக்கு வந்தார்கள். ஹஷ்மத் முகம் கறுத்துவிட்டது.

"என்ன கூத்து இது? கல்யாணமானவனுக்கு ஹெஜ்லேயா?"

"கல்யாணம் ஆகலை மச்சான். நிக்காஹ்தான் ஆச்சு." கோஹர்தாஜ் குரலை உயர்த்தினாள், தெருமுனைவரை கேட்கும் குரல் அது, அதற்காகவே படைத்தது போல. "எல்லாரும் கேட்டுக்குங்க. என் மகன் மாப்பிள்ளை ஆகாமத்தான் போனான். இந்தப் பொண்ணு பிறந்த வீட்டுல எப்படி இருந்தாளோ அப்படியே இருக்கா. காச்சி கிண்டினது நான். பொய் சொன்னது நான். அவ இல்ல, அவன் இல்ல."

"ஊர் சிரிக்கும்டி உன்னை!"

"சிரிக்கட்டும். காச்சி தின்னப்பவும் சிரிச்சாங்க."

ஹபீபுல்லா ஹெஜ்லேயை இறக்கி நிறுத்தி, கம்பியை வீட்டுக்குள் இழுத்தான். யதுல்லா சுவரிலிருந்த மகனின் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஏழு நாளில் அவனாக நகர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். படத்தை மாட்டியதும் பல்புகள் எரிந்தன. பகல் வெளிச்சத்தில் அவை மங்கலாகத்தான் தெரிந்தன. உடையாத கண்ணாடிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு முகம் தெரிந்தது. ஒன்றில் மஹ்லகா, வாசற்படியில் ஹல்வாக் கரண்டியோடு நின்றபடி. நிக்காஹ் அன்றைக்குச் சிரித்த அதே பையன் நடுவிலிருந்த படத்தில் சீருடையோடு பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் மஹ்லகா அழுதாள். அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. கோஹர்தாஜ் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ள இனி உரிமை இல்லை என்று நினைத்தாள். ஹாஜிதான் தன் மேலங்கியைக் கழற்றி மகளைப் போர்த்தி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. "கோஹர்தாஜ் கொடுத்தா மோந்து பார்த்துச் சாப்பிடு" என்று வெகுநாள் பேசினார்கள். அவள் திருப்பித் திட்டவே இல்லை. ஹஷ்மத் அந்த வீட்டு வாசலை மிதிப்பதை விட்டுவிட்டார்.

மஹ்லகா இத்தாவை முடித்து, படிப்பை முடித்து, ஒரு பள்ளியில் சேர்ந்தாள். அடுத்த இலையுதிர் காலத்தில் அங்கே கணக்கு சொல்லித் தருகிறவர் பெண் கேட்டு வந்தார். கல்யாணத்துக்குக் கோஹர்தாஜ் போகவில்லை, கூப்பிட்டும் போகவில்லை. மறுநாள் காலையில் அடுப்பு முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குச் செய்து அனுப்பத் தாய் இல்லை. பிறகு எழுந்து மாவை வறுத்தாள். இந்த முறை ஒரே ஒரு கிண்ணம்.

சின்னவன் குத்ரத்துக்கு அந்த வாரம்தான் ராணுவ அழைப்பு வந்திருந்தது. அவனுக்குப் பெண் தேடச் சொல்லித் தெருவில் எத்தனையோ பேர் அவளிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவள் தேடவில்லை. கிண்ணத்தைத் துணியில் பிடித்துக்கொண்டு அவள் தெருவில் பாதி தூரம் போயிருப்பாள், முனையில் கண்ணாடிகள் கிணுகிணுத்தன. நீல வண்டி அவளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அவள் மற்றப் பெண்களோடு சுவரோரம் ஒதுங்கி, வண்டி போகும்வரை தூசு விழாமல் காச்சியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு நின்றாள்.